மண்டையில் ஏறும்!

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு பையன் வேலை பார்க்கிறான். வயது 23. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கில் வழுக்கி விழுந்தவன். போன மாதம் என் ரேஷன் கார்டை நகல் எடுத்துக்கொண்டே சொன்னான்: "இந்தத் தடவ அப்ளை பண்ணல சார். நமக்கெல்லாம் மண்டையில ஏறாது."

சில்லறையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். முடியவில்லை. அந்த வார்த்தையை எத்தனை வாயில் கேட்டாகிவிட்டது! நாற்பது வயதில் கம்ப்யூட்டர் கற்கப் போய் மூன்றாம் நாளே நின்றுவிட்ட அக்கா சொன்னாள். ஆங்கிலம் பேசப் பயப்படும் இன்ஜினியர் சொன்னான். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா, அந்தப் பிள்ளையை எதிரிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னார். என்னமோ மண்டை என்பது மூடி இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மாதிரியும், சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே மூடியைத் திறந்து அனுப்பிவிட்டது மாதிரியும்!

தம்பி, உன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியாமலேயே எப்படித் தீர்ப்பு எழுதினாய்? அதுவும் உனக்கு எதிராக?

வா, ஒரு நத்தையிடம் போவோம்.

கலிஃபோர்னியாக் கடலோரத்தில் ஏப்லிசியா என்று ஒரு கடல் நத்தை இருக்கிறது. வெளியே தெரியும்படி ஓடு கிடையாது. தலையில் முயல் காதுபோல இரண்டு கொம்பு நிமிர்ந்திருப்பதால் கடல் முயல் என்றும் சொல்வார்கள். பாசியைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். சீண்டினால் ஊதா மையைக் கக்கும். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. அறிவுப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. அதன் உடம்பு முழுக்கத் தேடினாலும் நரம்பணுக்கள் சுமார் 20,000தான். உன் தலைக்குள் மட்டும் இருப்பது சுமார் 8,600 கோடி.

அந்த நத்தையின் முதுகில் மூச்சுவிட ஒரு செவுள். அருகிலேயே தண்ணீரை வெளியேற்றும் சின்னக் குழாய். மெல்லிய தூரிகையால் அந்தக் குழாயைத் தொட்டால் போதும், தொட்டாற்சுருங்கி மாதிரி செவுள் வெடுக்கென்று உள்ளே போய்விடும். மறுபடி தொட்டால் கொஞ்சம் குறைவாக. மறுபடியும் தொட்டால் இன்னும் குறைவாக. "இது ஒன்றும் செய்யாது" என்று நத்தை கற்றுக்கொள்கிறது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடினால் நாலு நாளில் நமக்குக் காதில் விழாமல் போகிறதே, அதே சங்கதிதான்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். நத்தையை ஒரே மூச்சில் 40 தடவை தொட்டார்கள். கற்றுக்கொண்டது. ஒரு நாள் நினைவில் நின்றது, பிறகு போய்விட்டது. இன்னொரு முறை, ஒரு நாளைக்கு 10 தடவை வீதம் 4 நாள் தொட்டார்கள். இப்போது நினைவு வாரக்கணக்கில் நின்றது.

அதே 40. ஒரு தடவைகூட அதிகம் இல்லை. நத்தை அதே ஜாதி நத்தை. மாறியது இடைவெளி ஒன்றுதான்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி டீயைக் குடித்துக் குடித்து, கண் எரிய எரிய, ஒரே மூச்சில் நாற்பது கணக்கைப் போட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து ஒன்றும் நினைவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாயே, அடிக்க வேண்டியது தலையை இல்லை, அந்த டைம்டேபிளை!

ஏன் இப்படி? இதற்கு விடை கண்டவரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எரிக் காண்டெல். 1929 நவம்பர் 7ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா பொம்மைக் கடை வைத்திருந்தார். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு மகனுக்கு நீல நிறத்தில் ஒரு பொம்மைக் கார் கிடைத்தது, தூரத்தில் இருந்தே இயக்கக்கூடிய கார். பையன் வீடு முழுக்க ஓட்டினான். இரண்டே நாள். நவம்பர் 9 இரவு கதவு இடிபட்டது. நாஜி போலீஸ். யூதர்கள் என்பதால் வீட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் மதிப்புள்ள பொருள் எதுவும் இல்லை. நீலக் காரும் இல்லை.

அடுத்த ஏப்ரலில், 14 வயது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த 9 வயதுப் பையன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். பெற்றோர் சில மாதம் கழித்துத்தான் வந்து சேர முடிந்தது. புது ஊர், புது மொழி. கல்லூரியில் அவர் படித்தது உயிரியலா என்று கேட்டால், இல்லை, வரலாறும் இலக்கியமும். பிறகு மனநல மருத்துவராகலாம் என்று மருத்துவம் படிக்கப் போனார். 1955ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிரண்ட்ஃபெஸ்ட் என்பவரிடம் போய், ஃபிராய்ட் சொன்ன ஈகோ, சூப்பர் ஈகோவெல்லாம் மூளையில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஆசை என்றாராம். அந்த மனுஷர் சிரித்து விரட்டவில்லை. மூளையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு நரம்பணுவாகப் பார் என்று அனுப்பினார்.

ஒவ்வோர் அணுவாகப் பார்ப்பதற்குத்தான் நத்தை. அதன் நரம்பணுக்களில் சில வெறும் கண்ணுக்கே தெரியும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்களவு. தொடுதலை உணர 24 அணுக்கள், செவுளை இழுக்க 6 அணுக்கள் என்று எண்ணிவிடலாம். ஆனால் பெரியவர்கள் பலர் தடுத்தார்கள். நத்தைக்கு என்ன கற்கத் தெரியும்? அதைப் பார்த்து மனித மூளையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? நல்ல எதிர்காலத்தைக் கெடுத்துக்கொள்ளாதே! காண்டெல் கேட்கவில்லை. 1962ல் பாரிசுக்குப் போய் நத்தையோடு உட்கார்ந்தார். அதன் பிறகு பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம். 2000ல் நோபல் பரிசு. ஒன்பது வயதில் கதவு இடிபட்ட சத்தம் ஏன் மறக்கவே மாட்டேன் என்கிறது என்ற கேள்விதான் தன்னை நினைவாற்றல் ஆராய்ச்சிக்குத் தள்ளியது என்று பின்னாளில் எழுதினார்.

சரி, அவர் கண்டது என்ன?

ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவோடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்த இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். சந்தின் அகலம், ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறு போட்டால் ஒரு கூறு. செய்தி இந்தச் சந்தைத் தாண்டுவது பெரும்பாலும் வேதிப்பொருளாக. இதை முதலில் நிரூபித்த ஓட்டோ லோவியின் கதையைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசில்லை. 1921ல் ஒரு ராத்திரி, கனவில் சோதனை முழுவதும் தெரிந்தது. அரைத் தூக்கத்தில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை! நாள் முழுக்கத் தவித்தார். அடுத்த ராத்திரி அதே கனவு. இந்தத் தடவை படுக்கையில் கிடக்கவில்லை. எழுந்து நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அது நனைந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு பேசுவது ரசாயனத்தில் என்று விடிவதற்குள் தெரிந்துவிட்டது. 1936ல் நோபல் வாங்கிய அவரையும் 1938ல் நாஜிகள் பிடித்து உள்ளே போட்டார்கள். பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள். காண்டெலின் கார் பறிபோன அதே வருஷம், அதே ஆஸ்திரியா.

நத்தைக்கு வருவோம். அதன் வாலில் ஒரு ஷாக் கொடுத்தால், செரடோனின் என்ற வேதிப்பொருள் சுரந்து உணர்வு அணுவின் நுனிமேல் விழுகிறது. விழுந்ததும் அணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதன் பெருகுகிறான். அவன் போய்க் கைனேஸ் ஏ என்ற வேலையாளை எழுப்புகிறான். அந்த வேலையாள் சில பொட்டாசியக் கதவுகளை மூட, மின்துடிப்பு சற்று நீள்கிறது, கால்சியம் கூடுதலாக உள்ளே வருகிறது, சந்துக்குள் குளூட்டமேட் அதிகமாகக் கொட்டுகிறது. விளைவு: லேசாகத் தொட்டாலும் செவுள் துள்ளுகிறது. நத்தை உஷாராகிவிட்டது.

ஆனால் இது சில நிமிஷத்துக்குத்தான். புதிதாக எதையும் கட்டவில்லை. கையிருப்பைக் கொஞ்சம் தாராளமாக அள்ளிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. நீ ஒரே ஒரு தடவை படித்துவிட்டு "புரிஞ்சிடுச்சு" என்று புத்தகத்தை மூடுகிறாயே, அந்தப் புரிதலும் இந்த மாதிரிக் கைமாற்றுப் பணம்தான்.

ஆய்வகத்தில் ஓர் உணர்வு அணுவையும் ஓர் இயக்க அணுவையும் மட்டும் ஒரு தட்டில் வளர்த்து, செரடோனினை இடைவெளி விட்டு ஐந்து தடவை கொடுத்தார்கள். இப்போது காட்சியே வேறு. எழுந்த வேலையாள் நுனியோடு நிற்கவில்லை. கூட்டாளி ஒருவனையும் கூட்டிக்கொண்டு அணுவின் உட்கருவுக்குள்ளேயே நுழைகிறான், மரபணுக்கள் இருக்கும் அறைக்கு. அங்கே வாசலில் கிரெப்-2 என்று ஒரு காவல்காரன். அவனுக்குக் கண்டவனையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் வேலை. கண்டதெல்லாம் நினைவில் ஏறினால் நேற்று பஸ்ஸில் கேட்ட சண்டை, போன வாரம் பார்த்த விளம்பரம் எல்லாம் சேர்ந்து நம்மைப் பைத்தியமாக்கிவிடும். அந்தக் காவல்காரனை விலக்கி, கிரெப்-1 என்ற பொறுப்பாளியைத் தட்டி எழுப்பினால்தான் மரபணு வாசிக்கப்படும். புதுப் புரதம் உண்டாகும். அந்தப் புரதத்தைக் கொண்டு அணு புது சினாப்ஸ்களைக் கட்டும். 1995ல் கிரெப்-2ஐ முடக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை கொடுத்த செரடோனினே நீண்ட நினைவுக்குரிய மாற்றத்தை உண்டாக்கியது. அதாவது காவல்காரன் இருப்பது நிஜம். அவன் உனக்கு மட்டும் இல்லை. நோபல் வாங்கியவர் தலைக்குள்ளும் நிற்கிறான். முதல் தடவை போனால் திருப்பி அனுப்பத்தான் செய்வான். நீ என்ன செய்தாய்? முதல் தடவையே கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாய். வந்து, "எனக்கு அந்த வீடே இல்லை" என்கிறாய்.

கட்டுகிறது என்று சொன்னேனே, உவமைக்குச் சொல்லவில்லை. கிரெய்க் பெய்லி, மேரி சென் என்ற இருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நத்தையின் ஓர் உணர்வு அணுவுக்குச் சாதாரணமாக சுமார் 1,300 இணைப்பு முனைகள். நீண்டகாலப் பயிற்சிக்குப் பின் சுமார் 2,700. இரண்டு மடங்குக்கு மேல்! மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், எண்ணலாம். படிப்பு என்பது உடம்பில் நடக்கும் கட்டட வேலை. கொத்தனார் வந்து செங்கல் அடுக்குகிற மாதிரி. சிமென்ட் காய நேரம் வேண்டாமா? ஒரே நாளில் மூன்று மாடி எழுப்பிவிட்டு இடிந்துவிட்டதே என்று யாராவது மண்ணைத் திட்டுவார்களா?

எனக்குப் பிடித்தது அடுத்து வரும் எண். பயிற்சியை நிறுத்தி, நினைவு மங்கிய பிறகும் எண்ணினார்கள். 2,700 குறைந்து சுமார் 1,500க்கு வந்திருந்தது. 1,300க்குத் திரும்பவில்லை! மறந்துபோன நத்தையும் ஒன்றும் படிக்காத நத்தையும் ஒன்றல்ல. "எல்லாம் மறந்துபோச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று அழுகிறாயே, முதலில் இருந்து ஆரம்பிப்பவன் எவனும் இல்லை. நீ விட்டுப்போன வீட்டின் அஸ்திவாரம் புல் மூடிக் கிடக்கிறது. போய்ப் புல்லைப் பிடுங்கு.

இதையெல்லாம் படிப்பதற்கு ரொம்ப வருஷம் முன்பே இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. எங்கள் ஊர் டைப்ரைட்டிங் மாஸ்டர். வெற்றிலை போட்ட வாய், கையில் ஸ்கேல். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. காலை 6 மணி பேட்ச், ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. இடது சுண்டுவிரலுக்கு 'ஏ'யை அழுத்தத் தெம்பே இருக்காது. தாளில் எல்லா எழுத்தும் கறுப்பாக விழும், ஏ மட்டும் பேய் மாதிரி வெளிறித் தெரியும். மஞ்சள்காமாலை வந்து எட்டு நாள் போகவில்லை. ஒன்பதாம் நாள் போய், "ஞாயித்துக்கெழம நாலு மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் சேத்து அடிச்சிடறேன் சார்" என்றேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எட்டு நாளா சாப்பிடாத கஞ்சியையும் சேத்து இன்னைக்கே குடிப்பியாடா?"

செரடோனினையும் கிரெப்பையும் அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அணு எப்படிக் கட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் என் இடது சுண்டுவிரல், நான் கேட்காமலேயே ஏ இருக்கும் இடத்துக்குப் போகிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம்.

வாலில் ஷாக் வாங்கிய நத்தை, பிறகு தூரிகையால் வருடினாலும் துள்ளுகிறது என்றேன் அல்லவா? தொடுதல் மாறவில்லை. நத்தை மாறிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பியதற்கு மண்டையில் விழுந்த குட்டு. "உங்க அக்காவைப் பாரு" என்ற பேச்சு. மார்க் ஷீட்டை நீட்டியபோது அப்பா விட்ட பெருமூச்சு. ஒன்று, இரண்டு, ஐந்து, ஐம்பது. அதுவும் எப்படி? நன்றாக இடைவெளி விட்டு, வருஷக்கணக்கில்! இன்றைக்கு ஒரு கணக்குத்தாளைப் பார்த்தவுடன் உள்ளங்கை வேர்க்கிறது. எழுத்து மங்குகிறது. நத்தையின் செவுளும் மனிதனின் பயமும் அச்சு அசல் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நம் பயத்துக்கு மூளையில் வேறு பெரிய ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அடி வாங்கிய நரம்பு மெல்லிய தொடுதலுக்கும் துள்ளக் கற்றுக்கொள்கிறது என்பது இரண்டு இடத்திலும் உண்மை.

அப்படியானால், அடேய், யோசித்துப் பார்! கணக்கைக் கண்டால் நடுங்க வேண்டும் என்ற பாடத்தை நீ எவ்வளவு பிரமாதமாகக் கற்றிருக்கிறாய்! இத்தனை வருஷமாக மறக்கவில்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். அந்தப் பாடத்தில் நீதான் மாவட்டத்திலேயே முதல் மாணவன். "மண்டையில ஏறாது" என்ற அந்த வாக்கியம் உன் மண்டையில் எப்படி ஏறியது? ஏறாத மண்டையில் அது மட்டும் எந்த வழியாக வந்தது?

வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்பு. ஒன்றும் செய்யாத தொடுதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது நத்தை அடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எண்ணிப் பார்த்ததில் 1,300 முனைகள் சுமார் 850ஆகக் குறைந்திருந்தன. தேவையில்லாத கம்பிகளை அணு தானே கழற்றிவிடுகிறது. எனவே மார்க் இல்லாமல், கடிகாரம் இல்லாமல், திட்ட யாரும் இல்லாமல், தினம் பத்து நிமிஷம் ஒரு கணக்கோடு உட்கார். தப்பாகப் போடு. வானம் இடிந்து விழாது. நாளைக்கும் உட்கார். நாளன்றைக்கும். உன்னை ஒன்றும் செய்யாத பொருள் இது என்று உள்ளே இருக்கும் பயந்த பிராணிக்குப் புரியட்டும். அது புத்திமதிக்கு அடங்காது; பழக்கத்துக்கு அடங்கும்.

நத்தையில் நடப்பது நம் மாதிரி பிராணிகளில் நடக்குமா என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1973ல் டிம் பிளிஸ், டெரியே லோமோ என்ற இருவர், ஆஸ்லோவில் செய்த சோதனைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முயலின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு நரம்புப் பாதையை வேகவேகமாகத் தூண்டினார்கள். அதன் பிறகு அந்தப் பாதையின் இணைப்புகள் மணிக்கணக்கில் பலமாகவே இருந்தன. புது நினைவுகள் பதிய நமக்கும் வேண்டிய பகுதி அது. இணைப்பு அப்படிப் பலப்படுவதற்குப் பின்னால் இருக்கும் பூட்டைப் பிறகு கண்டார்கள். என்எம்டிஏ ஏற்பி என்று பெயர். அதன் வாயில் ஒரு மக்னீசிய அயனி, பாட்டிலுக்குக் கார்க் மாதிரி, அடைத்துக்கொண்டு நிற்கும். முதல் அணுவில் இருந்து குளூட்டமேட் வந்து தட்டினால் மட்டும் கார்க் நகராது. அதே நேரத்தில் இரண்டாவது அணுவும் கிளர்ந்து எழுந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்று கூடினால் கார்க் கழன்று, கால்சியம் உள்ளே பாய்ந்து, இணைப்பைப் பலப்படுத்தும் வேலை தொடங்கும். 1986ல் ரிச்சர்ட் மோரிஸ் இந்தப் பூட்டை மருந்தால் முடக்கினார்; தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருந்த மேடை எங்கே என்று கற்க முடியாமல் எலிகள் தடுமாறின.

வங்கி லாக்கர் பார்த்திருப்பாய். மேனேஜர் கையில் ஒரு சாவி, உன் கையில் ஒரு சாவி. இரண்டையும் போட்டால்தான் திறக்கும். கோச்சிங் சென்டர், யூடியூப், கைடு எல்லாம் மேனேஜர் சாவி. மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிறாய். வாத்தியார் கணக்கை அழகாகப் போட்டு முடிக்கிறார். நீ மண்டையை ஆட்டுகிறாய். உன் சாவி எங்கே? சட்டைப் பையில்! விடையைப் பார்ப்பதற்கு முன்னால் நீயே முட்டி மோதி, தப்பாகவாவது போட்டுப் பார். இந்த லாக்கர் உதாரணத்தைப் பாடத்துக்கு நீட்டியது என் பொறுப்பு. ஏற்பியின் தலையில் பழி போடவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பிள்ளைகளில், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பணக்காரன் ஆனவன் ஒருத்தனும் இல்லை.

பரீட்சை சீசனில் ஞாபக சக்தி டானிக் என்று விற்க வருவார்கள். இடைவெளி விட்டு ஐந்து தடவை படிப்பதற்குப் பதிலாக ஐந்து ஸ்பூன். அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்கித் தின்றுவிட்டு நேரத்தோடு படு. பகலில் கற்றது இறுகித் தங்குவதற்குத் தூக்கமும் வேண்டும்.

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சு சார், ஒண்ணுமே முன்னேறின மாதிரி தெரியல." ஜெராக்ஸ் கடைத் தம்பி இதையும் சொன்னான். அவனுக்கு ஹென்றி மொலேசன் பற்றிச் சொன்னேன். அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய். 1953ல், 27 வயதில், மூளையில் அறுவைச் சிகிச்சை. இரண்டு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்தது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இப்போது பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பினால், புதிதாக வந்தவர். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: தாளில் உள்ள நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும், ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு. நீயும் நானும் செய்தாலும் கை எங்கெங்கோ போகும். அவருக்கும் போயிற்று. மறுநாள் கொஞ்சம் நேராக. மூன்றாம் நாள் சுத்தமாக வரைந்தார். இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியம். அவருக்குத் தெரியாமலேயே கை கற்றுக்கொண்டிருந்தது.

முன்னேற்றம் உனக்குத் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? முளைக்கிறதா என்று தினமும் விதையைத் தோண்டிப் பார்ப்பவன் வெள்ளாமை எடுப்பானா?

அன்றைக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு வீணான தாளைத் திருப்பிப் போட்டு அவனுக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஒருவர் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? 25 என்று எழுதினான். "ரெண்டு பேர் சேந்தா நாள் கூடுமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் 12½ என்றான். அதற்கடுத்த நாள் கடையில் கூட்டம். இருந்தும் தாளை எடுத்து, ஒரு நாளில் முதலாமவர் எவ்வளவு, இரண்டாமவர் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தான். நாலாம் நாள் ஞாயிறு, கடை லீவு. ஐந்தாம் நாள் சாயங்காலம் போனபோது புதுத்தாளில் அதே கணக்கை, அதே எண்களோடு எழுதி நீட்டினேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. 6 என்று எழுதி வட்டம் போட்டான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கொஞ்சம் குறைபட்டுக்கொண்டே சொன்னான்:

"என்ன சார், இன்னைக்கு ரொம்ப ஈஸியா குடுத்துட்டீங்க. அன்னைக்கு மாதிரி கஷ்டமானதாக் குடுங்க."